இருபது பேருக்கான நீத்துப்பெட்டி

அண்டைக்குச் சனிக்கிழமை. எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. ஒரு நீத்துப்பெட்டி வாங்கிக்கொண்டு வரவேணும்.

அவ்வளவுதான்! பால் வாங்கிற மாதிரி, பாண் வாங்கிற மாதிரி ஒரு வேலை.

நீத்துப்பெட்டி தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். பனையோலையில கூம்பு மாதிரிப் பின்னின பெட்டி. பானையில தண்ணியைக் கொதிக்க விட்டு, பானை வாயில கூர்ப்பக்கம் கீழ இருக்க வைச்சு, உள்ளுக்குப் புட்டு மாவைப் போட்டு மூடினா, ஆவி ஓலைக்குள்ளால ஏறிப் புட்டு அவியும். யாழ்ப்பாணத்து ஆக்கள் ஒஸ்ரேலியாவுக்கு வெளிக்கிடேக்க படிச்ச சேர்ட்டிபிக்கேற்றை மறந்தாலும் இதை மறக்கமாட்டினம்.

எங்கட வீட்டிலயும் ஒண்டு இருந்தது. அதுக்கு முதல் கிழமைதான் நான் அதை எரிச்சனான்.

வேணுமெண்டில்லை! மனிசி சாந்தி வேலைக்குப் போகேக்க, "அடுப்பில புட்டுக் கிடக்கு, பானையில தண்ணி வத்தினா விடுங்கோ" எண்டு சொல்லிட்டுப் போனவாவாம். நான் "ஓம் ஓம்" எண்டனானாம். ரீவியில கடைசி ஓவர் போய்க்கொண்டிருந்தது. எங்கட வீட்டுப் புகை அலாரம் நல்லா வேலை செய்யுது எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது.

சரி, எரிஞ்சது எரிஞ்சு போச்சு. ஆனா இந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு லூக்கின்ர தாய் தகப்பன் எங்கட வீட்டுக்கு முதன்முதலாச் சாப்பிட வருகினம். லூக் எண்டது என்ர மகள் மதுரா கட்டப்போற பெடியன். வெள்ளைப் பெடியன். புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் வைச்சா மூண்டு கோப்பை சாப்பிடுவான். அவன் வீட்டில போய்ப் புகழ்ந்ததைக் கேட்டு, தாய் தகப்பனும் புட்டுத்தான் வேணும் எண்டிட்டினம்.

வெள்ளிக்கிழமை மதுரா என்னைப் பிடிச்சுக் கதிரையில இருத்தினாள்.

"அப்பா, திஸ் இஸ் இம்போர்ட்டன்ற். அவைக்கு எங்கட ஆக்கள் ஒருத்தரையும் தெரியாது. உங்களைத்தான் முதல் பாக்கப்போகினம். ப்ளீஸ், நோர்மலா இருங்கோ."

நான் எப்ப நோர்மல் இல்லாமல் இருந்தனான்?

அவள் இன்னும் கனக்கச் சொன்னாள். லூக்கின்ர தகப்பன் இன்ன ஆள், இன்னது செய்யிறவர், இன்னதைப் பற்றிக் கேட்டா அவருக்குச் சந்தோசம் எண்டு. அவளின்ர தலைக்குப் பின்னால ரீவி. ரீவிக்குள்ள மட்ச். "வடக்கால சனிக்கிழமைச் சந்தை", "கையால பின்னின கூடை" எண்டு ரெண்டு துண்டுதான் என்ர காதுக்குள்ள போனது. மிச்சத்துக்கெல்லாம் "ஓம் ஓம்" எண்டனான்.

காலமை எட்டு மணிக்கே கிரெய்கிபர்னில இருக்கிற எங்கட ஆக்களின்ர கடையளுக்கு வெளிக்கிட்டன்.

முதல் கடையில, "ஐயோ அண்ணை, கடைசிப் பெட்டியும் போட்டுது. அடுத்த கொன்ரெயினர் வந்தால்தான்" எண்டார் முதலாளி.

ரெண்டாவது கடையில தமிழ்நாட்டுத் தம்பி. "அண்ணா, புட்டுக்குன்னா எதுக்கு ஓலை? ஸ்டீல் குழாய் இருக்கு. எடுத்துட்டுப் போங்க. காலத்துக்கும் உழைக்கும்" எண்டான். பாத்தாப் பரவாயில்லைப் போலத்தான் கிடந்தது. சாந்திக்குப் போன் அடிச்சன்.

"குழாயோட வாறதெண்டா வராதேங்கோ" எண்டா.

"இல்லை சாந்தி, எரியாதாம்..."

"எரிச்சது ஆர்? பெட்டியோட வாங்கோ." வைச்சிட்டா.

அப்பதான் அந்தச் சனிக்கிழமைச் சந்தை ஞாபகம் வந்தது. கையால கூடை பின்னுற ஆள் நீத்துப்பெட்டி மாதிரி ஏதேனும் வைச்சிருக்கமாட்டாரோ? காரை வடக்குப் பக்கம் திருப்பினன். அரை மணித்தியாலம் ஓட வீடுகள் முடிஞ்சு, மாடும் புல்லும் துவங்கிச்சுது. ஒரு பழைய மண்டபத்துக்கு முன்னால சந்தை. ஜாம், சவர்க்காரம், பின்னல் தொப்பி. கடைசி மூலையில கூடைக் கடை.

ஒரு வெள்ளைத் தாடிக்காரர் இருந்தார். மடியில வைக்கோல். மாட்டுக் கொம்பை அறுத்துச் செய்த வளையத்துக்குள்ளால வைக்கோலைத் தள்ளித் தள்ளி ஒரே தடிப்பில கயிறு மாதிரி எடுத்து, முள்ளுக் கொடியைக் கிழிச்ச நாரால சுத்திச் சுத்திக் கட்டிக்கொண்டிருந்தார். கையில எலும்பு ஊசி.

மேசைக்கு நடுவில ஒண்டு கவிழ்த்து வைச்சிருந்தது. மணி மாதிரி உருண்டு, மேல ஒடுங்கி. நான் தூக்கித் திருப்பிப் பாத்தன்.

நீத்துப்பெட்டி!

பனையோலை இல்லை, வைக்கோல். ஆனா அச்சொட்டா அதே வடிவம். அளவுதான் கொஞ்சம் கூட. இருபது பேருக்கு ஒரே ஈட்டில அவிக்கலாம்! விளிம்பில ஒரு சின்ன ஓட்டை விட்டிருந்தது. ஆணியில கொழுவ எண்டு எனக்கு உடனேயே விளங்கிட்டுது. உள்ளுக்க மெழுகும் எலுமிச்சைப்புல்லும் கலந்த மாதிரி ஒரு மணம். புதுப்பெட்டி எண்டா ஒரு மணம் இருக்கும்தானே.

"அது விக்கிறதுக்கில்லை. குளிர்காலம் முழுக்க இருந்து செய்தது, கண்காட்சிப் போட்டிக்கு வைச்சிருக்கிறன்" எண்டார் தாடிக்காரர். பேந்து, "அது என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டார்.

ஆரிட்டக் கேக்கிறார்! யாழ்ப்பாணத்தானிட்ட!

"தெரியுமோவோ? எங்கட ஊரில இது இல்லாத வீடு இல்லை" எண்டன்.

அவர் ஊசியைக் கீழ வைச்சார். "ஒவ்வொரு வீட்டிலயுமோ?"

"ஒவ்வொரு வீட்டிலயும். குசினிக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்தில."

"குசினிக்குள்ளயோ! பிள்ளையளுக்கு ஆபத்தில்லையோ?"

"கவனமில்லாமல் கை வைச்சாச் சுள்ளெண்டும். ரெண்டு நாளைக்கு வீங்கும். பழகினா ஒண்டுமில்லை."

அவர் எழும்பியே நிண்டிட்டார். கண்ணெல்லாம் கலங்கின மாதிரி இருந்தது. "இஞ்ச இதைப் பாத்தா, தொப்பியோ எண்டு கேக்கிற ஆக்கள்தான் கூட. உங்கட ஊரில ஒவ்வொரு வீட்டிலயும்... கொண்டு போங்கோ. இது உங்களிட்ட இருக்கிறதுதான் சரி."

காசைக் குடுத்தன். அவர் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டே, "உள்ளுக்க இருக்கிறதை நீங்கள் எப்பிடி எடுக்கிறனீங்கள்? எங்கட முறை வேற மாதிரி இருக்கும்" எண்டு கேட்டார்.

"சிம்பிள்! கீழ தண்ணியைக் கொதிக்க விடுவம். ஆவி ஏறும். கால் மணித்தியாலத்தில எல்லாம் அவிஞ்சிடும். கவிழ்த்துத் தட்டினாப் பொலபொலவெண்டு கொட்டும்."

அவற்ற முகம் ஒரு மாதிரிப் போச்சு. "எல்லாமோ?"

"ஒண்டும் தப்பாது! சுடச்சுட எடுத்து, தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் போட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டா..." நான் கண்ணை மூடிச் சப்புக்கொட்டிக் காட்டினன்.

கண்ணைத் திறந்து பாத்தா, பெட்டியை நீட்டின அவற்ற கை மெல்லமாப் பின்னுக்குப் போகுது. நான் கெதியா இழுத்தெடுத்திட்டன்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பழக்கம்" எண்டார்.

இந்த நாட்டு ஆக்களின்ர நாகரிகம் அது. மனசுக்க என்ன ஓடினாலும் மூஞ்சைக்கு நேர கேக்கமாட்டினம். அந்த மனிசன் கொஞ்சம் நாகரிகம் குறைஞ்சு, "எதையப்பா அவிக்கிறீர்?" எண்டு கேட்டிருந்தா எல்லாம் தப்பியிருக்கும். நானாவது, "இஞ்ச இதில என்ன செய்யிறனீங்கள்?" எண்டு கேட்டிருக்கலாம். ஆனா தெரிஞ்ச ஆள் மாதிரிக் கதைக்கத் துவங்கினாப் பிறகு நான் ஒருக்காலும் கேள்வி கேக்கிறேல்லை.

வீட்டை வந்தன். சாந்தி பெட்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தா.

"என்னப்பா இது, கோயில் அண்டாவுக்கு வைக்கிறதோ?"

"இருபது பேருக்குக் காணும்! மிஞ்சினாச் சம்மந்தி வீட்டுக்குக் கட்டிக் குடுத்து விடலாம்."

"ஓட்டை?"

"கொழுவ."

"மணம்?"

"இயற்கை."

சாந்தி பெருமூச்சு விட்டா. "சரி. பக்கத்து வீட்டு லெமன் மரத்தில நேற்றில இருந்து கறுப்பா ஏதோ கட்டியாத் தொங்குது. ஒருக்கா எட்டிப் பாருங்கோ."

"ஓம் ஓம். காத்துக்குப் பறந்து வந்த குப்பைப் பையா இருக்கும்" எண்டன். எட்டிப் பாக்கேல்லை.

பின்வளவில காஸ் அடுப்பு. பொங்கலுக்கு எடுக்கிற பெரிய பானை. மேல என்ர பெட்டி. கழுவித்தான் வைச்சனான், மணம்தான் போகேல்லை. மாவைக் கொட்டி, மூடி, கதிரையைப் போட்டு அரசன் மாதிரி இருந்தன்.

கால் மணித்தியாலம். ஆவி வரேல்லை. வைக்கோலை அந்தளவு இறுக்கிக் கட்டியிருந்தார் மனிசன்.

அரை மணித்தியாலம். நெருப்பைக் கூட்டினன். ஆவி வந்தது! விளிம்பு ஓட்டையால புஸ்ஸெண்டு ஒரு பக்கத்தால மட்டும் வந்தது. வளவு முழுக்க எலுமிச்சைப்புல் மணம்.

சாந்தி குசினி யன்னலால எட்டிப் பாத்தா. "புட்டு ஏன் நிலம் துடைக்கிற மருந்து மாதிரி மணக்குது?"

"நீர் உள்ளுக்க போம். நான் பாக்கிறன்."

முதல் ரெண்டு தேனீ வந்தது. துவாயால விசிறினன். பேந்து எட்டு. பேந்து எண்ணேலாமல் போச்சு. தேங்காய்ப்பூவுக்கு வருது எண்டு நினைச்சன்.

நாலு மணியாகிற நேரம் பெட்டியை இறக்கிக் கவிழ்த்துத் தட்டினன். பொலபொலவெண்டு கொட்டேல்லை. ஒரே கட்டியா, கோபுரம் மாதிரி, மினுமினுத்துக்கொண்டு வந்து நிண்டுது. உள்ளுக்கிருந்த மெழுகு முழுக்க உருகிப் புட்டுக்குள்ள இறங்கியிருந்தது.

"இதென்ன, கேக்கோ?" எண்டா சாந்தி.

நான் பதில் சொல்ல முதல் வாசல் மணி அடிச்சது. நாலு மணி எண்டா நாலு மணிக்கே வந்திட்டினம்! எங்கட ஆக்கள் எண்டா அப்பதான் குளிக்கப் போவினம்.

கதவைத் திறந்தன். லூக். பக்கத்தில பூங்கொத்தோட தாய் ஜூடி. பின்னால, இஸ்திரி போட்ட சேர்ட்டில, வெள்ளைத் தாடி.

"நீங்களோ!" எண்டார் அவர்.

"நீங்களோ!" எண்டன் நான்.

"உங்களுக்கு கிரஹமை முதலே தெரியுமோ!" எண்டு மதுரா துள்ளினாள். பாவம் பிள்ளை.

கிரஹம் துள்ளேல்லை. மனிசியின்ர காதுக்குள்ள ஏதோ சொன்னார். ஜூடி பூங்கொத்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டா.

எல்லாரும் மேசைக்கு வந்தம். சாந்தி கோபுரத்தைக் கொண்டு வந்து நடுவில வைச்சா. ஒருத்தரும் கை வைக்கேல்லை. கிரஹம் முள்ளுக்கரண்டியால கோபுரத்தின்ர அடியை மெல்லமா நோண்டி, குனிஞ்சு, உள்ளுக்க எதையோ தேடினார்.

"குறை நினைக்காதேங்கோ" எண்டார் கடைசியா. "இதில எத்தினை இருக்கும்?"

"எத்தினை என்ன?"

"தேனீ."

ஜூடி தன்ர கோப்பையை மெல்லமாத் தள்ளி வைச்சா.

"உங்கட பழக்கத்தை நான் மதிக்கிறன்" எண்டார் கிரஹம். "நான் முப்பது வருசமாத் தேனீ வளர்க்கிறவன். அதுதான் எனக்கு அவிச்சுச் சாப்பிடக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு."

மதுரா என்ர பக்கம் திரும்பினாள். "அப்பா. நேற்று நான் என்ன சொன்னனான்?"

"சந்தை... கூடை..."

"லூக்கின்ர அப்பா தேனீ வளர்க்கிறவர். பழைய காலத்து முறையில வைக்கோலில தேனீக் கூடு பின்னுறவர். சனிக்கிழமைச் சந்தையில கையால பின்னின கூடையும் விக்கிறவர். அதைப் பற்றி ரெண்டு நல்ல கேள்வி கேளுங்கோ எண்டு சொன்னனான்! நீங்கள் ஓம் ஓம் எண்டனீங்கள்!"

தேனீக் கூடு. விளிம்பில இருந்தது கொழுவிற ஓட்டை இல்லை, வாசல்.

மதுரா கத்தினாக்கூடப் பரவாயில்லை. கத்தேல்லை. கண் நிறைஞ்சு, கீழ கோப்பையைப் பாத்துக்கொண்டு இருந்தாள். எனக்கு உண்மையாவே வெக்கமாப் போச்சு. பிள்ளை என்னட்டக் கேட்டது ஒரேயொரு விசயம், நோர்மலா இருக்கச் சொல்லி. நான் சம்மந்தியின்ர குளிர்காலத்தைப் பானையில வைச்சு அவிச்சிட்டு நிக்கிறன்.

"இதில தேனீ இல்லை, கிரஹம்" எண்டன். "வெறும் அரிசிமா. உங்கட கூட்டை எங்கட புட்டுப் பெட்டி எண்டு நினைச்சிட்டன். அதில வைச்சுத்தான் அவிச்சனான். பிழை என்னில. பிள்ளை வடிவாச் சொன்னவள், நான்தான் கேக்கேல்லை."

"அவிச்சதோ?" கிரஹம் எழும்பினார். "என்ர கூட்டையோ? எங்க அது?"

எல்லாரும் பின்வளவுக்கு ஓடினம். கதவைத் திறந்த உடன நிண்டிட்டம்.

வளவு முழுக்க இரைச்சல். லெமன் மரத்துக் குப்பைப் பை அங்க இல்லை. அது எங்கட வளவுக்கு வந்து, உடுப்புக் காயப்போடுற சுத்துக் கம்பியில, சாந்தியின்ர வேலைச் சேர்ட்டுக்குப் பக்கத்தில, பலாப்பழம் அளவில அசைஞ்சுகொண்டு தொங்குது. ஆயிரக்கணக்கான தேனீ!

"எட்டிப் பாருங்கோ எண்டனான்" எண்டா சாந்தி. குரலில கோபம் கூட இல்லை, களைச்சுப் போன குரல்.

நான் கிரஹமைப் பாத்தன். அந்த மனிசன் வாயில கையை வைச்சுக்கொண்டு சிரிக்கிறார். இல்லை, அழுகிறார். ரெண்டும்.

"இந்த மாதிரிக் கூடு எத்தினை பின்னியிருப்பன்" எண்டார். "ஒவ்வொரு வசந்தத்துக்கும் மெழுகும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் பூசி மரத்துக்குக் கீழ வைப்பன், பறந்து திரியிற கூட்டம் மணத்துக்கு வரும் எண்டு. ஒருக்காலும் ஒண்டும் வந்ததில்லை. அதை ஆவியில வைச்சு ஊர் முழுக்க மணக்கப் பண்ணவேணும் எண்டு எனக்குத் தோன்றேல்லையே!"

பேந்து அவற்ற முகமே மாறிப்போச்சு. "வெள்ளைத் துணி! பெரிசா ஒண்டு! கெதியா!"

சாந்தி உள்ளுக்க ஓடி, கைக்கு அம்பிட்டதைக் கொண்டு வந்தா. என்ர கலியாண வேட்டி.

"சாந்தி, அது..."

"பேசாமல் நில்லுங்கோ."

வேட்டியைப் புல்லில விரிச்சினம். கிரஹம் ஆறின கூட்டை உதறி, நல்லாத் துடைச்சு, தேனீக் கட்டிக்குக் கீழ பிடிச்சுக் கம்பியை ஒருக்காக் குலுக்கினார். பொத்தெண்டு அவ்வளவும் உள்ளுக்க! அப்பிடியே வேட்டியில கவிழ்த்து வைச்சு, ஒரு பக்கத்தை எங்கட அகப்பைக் காம்பால முட்டுக் குடுத்தார். வெளியில நிண்ட தேனீ எல்லாம் வரிசையா என்ர வேட்டிக்கு மேலால நடந்து உள்ளுக்க போச்சுது.

ஒருத்தருக்கும் குத்தேல்லை. எனக்கு மட்டும் மூக்கு நுனியில ஒண்டு குத்திச்சுது. சுள்ளெண்டுது. ரெண்டு நாள் வீங்கிச்சுது. சந்தையில நான் சொன்னது சரிதான்.

"இதுக்குள்ளயே வைச்சு வளர்க்கச் சட்டம் விடாது, நாளைக்கு மரப்பெட்டிக்கு மாத்தவேணும்" எண்டார் கிரஹம். "ஆனா இண்டைக்கு ஒரு நாள் அதுக்குள்ள இருக்கட்டும்." பேந்து என்ர தோளில தட்டி, "நல்ல காலம், நீங்கள் இண்டைக்கே வாங்கினது. அடுத்த கிழமை வெளிப்பக்கம் முழுக்க மாட்டுச் சாணி பூச இருந்தனான். மழைக்குத் தாங்க" எண்டார்.

சாந்தி கையெடுத்துக் கும்பிட்டா. ஆரை எண்டு தெரியேல்லை.

பேந்து வளவிலயே கதிரை போட்டிருந்து, பாணுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு தொட்டுச் சாப்பிட்டம். மரியாதைக்கு கிரஹம் கோபுரத்திலயும் ஒரு துண்டு வெட்டி வாயில போட்டார். கனநேரம் சப்பினார்.

"இன்ரெஸ்ரிங்" எண்டார்.

மதுரா அப்பதான் சிரிச்சாள். எனக்கு மூச்சு வந்தது.

ரெண்டு கிழமையால லூக் ஒரு பொதி கொண்டு வந்து தந்தான். கிரஹம் பின்னினது. வைக்கோல்தான், ஆனாக் கூம்பா, ஆவி போக இடம் விட்டு, எங்கட பானை வாய்க்கு அளவெடுத்த மாதிரி. மெழுகு இல்லை, எண்ணெய் இல்லை, ஓட்டையும் இல்லை. ஒரு சின்ன மட்டையில, "ஆறு பேருக்கு. தேனீ இல்லாமல்" எண்டு எழுதிக் கட்டியிருந்தது.

சாந்தி கண்ணில ஒத்திக்கொண்டா. அதில அவிச்ச புட்டு, சொன்னா நம்பமாட்டியள், பனையோலையில அவிச்சதை விடத் திறம். போற வாற ஆக்களுக்கெல்லாம் அதைக் காட்டிக் காட்டியே நாங்கள் பேர் எடுத்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாந்தி வேலைக்குப் போகேக்க வாசலில நிண்டு ஏதோ சொன்னா. நான் "ஓம் ஓம்" எண்டன். மட்சில கடைசி ஓவர்.

புகை அலாரம் இப்பவும் நல்லா வேலை செய்யுது. சம்மந்திக்குத்தான் இன்னும் சொல்லேல்லை.